முகவீணை மூன்று கணினியில் மூன்று விதமாகக் கேட்பது ஏன்?

ஆரணிப் பக்கத்து நண்பர் ஒருவரின் கேள்வி இது. கடையில் விண்டோஸ் டெஸ்க்டாப், தங்கையிடம் மேக்புக், வீட்டில் லினக்ஸ் மின்ட் போட்ட பழைய லேப்டாப். ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். முகவீணை (கூத்தில் ஊதும், நாதஸ்வரம் மாதிரியான சின்னக் குழல்) காதைக் குத்துகிறது என்று விண்டோஸ் ஈக்வலைசரில், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருளில், சில எண்களைப் போட்டுச் சரிசெய்தார். அதே எண்களை மற்ற இரண்டிலும் போட்டார். ஹெட்ஃபோன் ஒன்றுதான், கோப்பும் ஒன்றுதான். ஆனால் விண்டோஸில் நன்றாக இருப்பது மேக்கில் போர்வை போர்த்திய மாதிரி மந்தமாகக் கேட்கிறது; லினக்ஸில் முகவீணை மறுபடியும் குத்துகிறது. "எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

மூன்றுமே நீங்கள் சொன்னதைத்தான் செய்கின்றன. ஒரே எண்ணுக்கு மூன்று மென்பொருளும் மூன்று பொருள் கொள்கின்றன, அதுதான் சிக்கல். நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு கூத்து, நாடகம், கோயில் விழாப் பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கிறவன். இதே குழப்பத்தில் ஒரு முழுப் பதிவையே கெடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணினி முழுவதற்குமான ஈக்வலைசர் வேறு, கோப்புக்குள் போடும் ஈக்யூ (ஈக்வலைசர் திருத்தத்தின் சுருக்கப் பெயர்) வேறு. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ், மேக்கில் ஈக்யூமேக் அல்லது சவுண்ட்சோர்ஸ் இவையெல்லாம் முதல் வகை. ஒலி உங்கள் காதுக்குப் போகும் வழியில் மட்டும் அவை திருத்துகின்றன. கோப்பில் ஒரு துளியும் மாறாது. முகவீணையை ஏபிஓவில் அடக்கிவிட்டு கோப்பை ஊர்க்காரர்களுக்கு அனுப்பினால், அவர்கள் போனில் பழைய முகவீணைதான் குத்தும். உங்கள் கேள்வியைப் படித்தபோது நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று தோன்றியது. பதிவில் உள்ள குறையைப் பதிவிலேயே திருத்துங்கள்: ரீப்பர், ஆடாசிட்டி போன்ற எடிட்டரில் ஈக்யூ போட்டு, புதிய கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனின் குறையைத் திருத்த மட்டும் கணினி ஈக்வலைசரைப் பயன்படுத்துங்கள். இந்த இரண்டும் கலந்துவிட்டால், எந்தக் கணினியில் எதைக் கேட்டு முடிவெடுத்தோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

இவ்வளவு செய்தாலே உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு வருவோம்: மூன்று கணினியிலும் ஒரே மாதிரி கேட்டால்தானே, போட்ட ஈக்யூ சரியா என்று முடிவு செய்ய முடியும்?

மிகப் பெரிய குற்றவாளி க்யூ என்ற எழுத்து. பாராமெட்ரிக் ஈக்வலைசரில் ஒரு ஃபில்டருக்கு, அதாவது ஒரு திருத்தத்துக்கு, மூன்று எண்கள் வேண்டும்: எந்த ஹெர்ட்ஸ், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம். முதல் இரண்டில் பெரிய சண்டை இல்லை. அகலத்தைத்தான் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஏபிஓ அதை க்யூ என்று கேட்கும்; க்யூ கூடினால் ஃபில்டர் குறுகும். ஆப்பிளின் ஏயூ என்-பேண்ட் ஈக்யூவும், ரீப்பரோடு வரும் ரீஈக்யூவும் ஆக்டேவ் கணக்கில் அகலத்தைக் கேட்கும். ஹெர்ட்ஸ் இரட்டிப்பானால் ஒரு ஆக்டேவ். அங்கே எண் கூடினால் ஃபில்டர் விரியும். ஒன்றுக்கொன்று தலைகீழ்.

நான் கெடுத்த பதிவு இப்படித்தான் கெட்டது. முகவீணையின் குத்தல் 3150 ஹெர்ட்ஸில் இருப்பதாகக் கண்டுபிடித்து, அங்கே 5 டெசிபல் குறைத்து, க்யூ 4 என்று தாளில் குறித்து வைத்திருந்தேன். விண்டோஸில் பார்த்தபோது அளவாக இருந்தது: முகவீணை அடங்கியது, பாட்டு அப்படியே நின்றது. மறுநாள் வேறொரு இடத்தில் மேக்கில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து அகலக் கட்டத்தில் 4 என்று அடித்தேன். அது நான்கு ஆக்டேவ். நான்கு ஆக்டேவ் என்றால் 3150க்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு. கிட்டத்தட்ட 790 ஹெர்ட்ஸிலிருந்து 12,600 ஹெர்ட்ஸ் வரை ஒரு பெரிய பள்ளம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசும் வசனத்தில் மெய்யெழுத்துகள் தெளிவாக விழுவது அந்த இடத்தில்தான். ச, ட, க எல்லாம் மழுங்கிப் போயின. தாளத்தின் வெண்கல ஓசை தகரம் மாதிரி ஆனது. இரவெல்லாம் வேலை செய்த காது அதைக் கண்டுபிடிக்கவில்லை. கோப்பை வாங்கிப் போன கூத்து வாத்தியார் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "ஏம்பா, கட்டியங்காரனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. உங்கள் மேக்கில் கேட்கும் போர்வைச் சத்தமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாற்றும் கணக்கு கடினமல்ல. க்யூ 4 என்றால் சுமார் 0.36 ஆக்டேவ். க்யூ 1.41 என்றால் ஒரு ஆக்டேவ். க்யூ 0.67 என்றால் இரண்டு ஆக்டேவ். மூன்றில் ஒரு பங்கு ஆக்டேவ் வேண்டுமானால் க்யூ 4.32. இந்த நான்கையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

மாற்றி எழுதிய பிறகும் சிறு வேறுபாடு இருக்கலாம். காரணம், அகலத்தை எங்கே அளப்பது என்பதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் என்ற பொறியாளர் தொகுத்த ஃபில்டர் சூத்திரங்களைத்தான் பல மென்பொருள்கள் எடுத்தாள்கின்றன. அதில் 5 டெசிபல் குறைத்தால், பாதியான 2.5 டெசிபல் குறையும் இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ளதுதான் அகலம். வேறு சிலவற்றில் டெசிபல் கூடக் கூட ஃபில்டர் தானாகவே குறுகும், பழைய அனலாக் மிக்சரின் போக்கில் செய்தவை. ஈஸி எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு பேண்டுக்கும் 'மோட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆர்எல்சி என்று தொடங்கும் சில பெயர்கள், அவற்றோடு 'ஏபிஓ' என்று தொடங்கும் ஒன்றும் அதில் உண்டு. அந்த ஏபிஓ மோட், விண்டோஸ் மென்பொருளோடு ஒத்துப்போவதற்கென்றே சேர்த்தது. மோட் வேறாக இருந்தால், அதே ஹெர்ட்ஸ், அதே டெசிபல், அதே க்யூ போட்டாலும் வளைவு வேறுதான். உங்கள் லினக்ஸில் முகவீணை மறுபடி குத்துவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதை.

ஷெல்ஃப் ஃபில்டரிலும் இதே கதை. பாஸ் பக்கத்தை மொத்தமாகத் தூக்கும் லோ ஷெல்ஃபில் 100 ஹெர்ட்ஸ் என்று எழுதினால், சிலருக்கு அது சரிவின் நடுப்புள்ளி, சிலருக்குச் சரிவு தொடங்கும் மூலை. ஏபிஓவிலேயே இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கூடுமானவரை ஷெல்ஃபைத் தவிர்த்து, குறித்த ஓரிடத்தை மட்டும் தூக்கும் அல்லது இறக்கும் பீக் ஃபில்டரை வைத்தே வேலையை முடித்தால் தலைவலி குறையும்.

பத்து ஸ்லைடர் கொண்ட கிராஃபிக் ஈக்வலைசரின் படத்தை எடுத்து அப்படியே இன்னொன்றில் வைப்பவர்களும் உண்டு. விஎல்சியின் பத்து ஸ்லைடர்கள் இயல்பாக 60, 170, 310, 600 ஹெர்ட்ஸ் என்று தொடங்கும். ஆப்பிள் மியூசிக்கில் 32, 64, 125, 250. மூன்றாவது ஸ்லைடர் ஒன்றில் 310, இன்னொன்றில் 125. மிருதங்கத்தின் தொப்பியைத் தூக்கப்போய் பாடுபவரின் குரலைத் தூக்கிவிடுவீர்கள்.

அடுத்தது சாம்பிள் ரேட், அதாவது ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை புள்ளிகளாகக் கணினி வைத்துக்கொள்கிறது என்ற எண். விண்டோஸில் பொதுவாக எல்லா மென்பொருளின் ஒலியும் ஒரே ரேட்டுக்கு மாற்றப்பட்டுத்தான் வெளியே போகும்; அந்த ரேட்டை ஒலிச் சாதனத்தின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் பார்க்கலாம். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற கருவியில் இருக்கும். லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் இயல்பாக 48,000 வைத்துக்கொள்ளும். ஒன்று 44,100லும் மற்றொன்று 48,000லும் ஓடினால், 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் 10,000க்கு மேலே போடும் ஃபில்டர்கள், சாம்பிள் ரேட்டின் பாதியை நெருங்க நெருங்க ஒரு பக்கமாக நசுங்கும். அந்த நசுங்கல் 44,100ல் முன்னாலேயே தொடங்கிவிடும். கூத்தில் இது சலங்கையில் தெரியும். வேஷக்காரர் கிறுக்கி அடித்துச் சுற்றும்போது சலங்கையின் மேல் ஓசை ஒன்றில் மழை மாதிரி பொழியும், மற்றொன்றில் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருக்கும். சிலர் ஃபில்டரை ஹெர்ட்ஸ், டெசிபல் என்று வைக்காமல் கணக்கிட்டு முடித்த கெழு எண்களாகவே கொண்டுபோவார்கள். அதில் பிசகு இன்னும் பெரிது. 48,000க்குக் கணக்கிட்ட 3150 ஹெர்ட்ஸ் ஃபில்டர், 44,100ல் ஓடினால் 2894 ஹெர்ட்ஸில் போய் உட்காரும். மூன்று கணினியிலும் 48,000 என்று வைத்துவிட்டு இந்தக் கவலையை மறந்துவிடலாம்.

அப்புறம், நீங்கள் போடாத ஈக்யூ. இதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் லேப்டாப்களில் டால்பி, டிடிஎஸ், நஹிமிக் என்று ஏதாவது ஒன்று கடையிலிருந்தே ஏற்றப்பட்டு வரும். 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்', 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' போன்றவையும் ஓசைப்படாமல் இயங்கிக்கொண்டிருக்கும். அவற்றையெல்லாம் நிறுத்திய பிறகுதான் உங்கள் ஈக்யூவின் உண்மை முகம் தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஏபிஓவும் விண்டோஸின் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. என்ஹான்ஸ்மென்ட்ஸை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால் சில கணினிகளில் ஏபிஓவும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் டால்பி போன்றவற்றை அவற்றின் சொந்தத் திரையில் போய் நிறுத்துங்கள். சவுண்ட் டிரைவர் அப்டேட் ஆனால் ஏபிஓ கழன்றுவிடுவதும் உண்டு. அதன் சாதனத் தேர்வுத் திரையைத் திறந்து மறுபடி டிக் செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸின் பொது வழியை விட்டு நேராகச் சாதனத்துக்குப் போகும் ஏசியோ அல்லது எக்ஸ்க்ளூசிவ் மோடில் பாடும் மென்பொருள் ஏபிஓவைத் தொடாமலே போய்விடும்.

மேக்புக்கில் இப்படி நீங்கள் போடாத திருத்தம் ஸ்பீக்கருக்கு உண்டு. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இவ்வளவு பாஸ் வருவதற்குக் காரணம் மேக்ஓஎஸ் உள்ளேயே செய்யும் திருத்தம். அதே மேக்புக்கில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி குழுவினர், ஸ்பீக்கர் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தனியாக ஃபில்டர் சங்கிலி ஒன்றைச் செய்ய வேண்டி வந்தது. ஆகவே லேப்டாப் ஸ்பீக்கரை வைத்து மூன்றையும் ஒப்பிடாதீர்கள். புளூடூத் ஹெட்ஃபோனும் வேண்டாம். ஒவ்வொரு கணினியும் அதோடு வேறு வேறு கோடெக்கில் பேசலாம். மைக் திறந்துவிட்டால் தொலைபேசித் தரத்துக்கே இறங்கிவிடும். வயர் ஹெட்ஃபோன், அதுவும் ஒரே யுஎஸ்பி டாக் அல்லது ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் (இரண்டுமே கணினிக்கு வெளியே செருகும் ஒலிப் பெட்டிகள்). அதை மூன்று கணினியிலும் மாற்றி மாற்றிச் செருகுங்கள். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்குகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. சில இயர்போன்களின் ஓசையையே அவை மாற்றிவிடும்.

ஒலியளவையும் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். மெதுவாகக் கேட்டால் நம் காதுக்கு பாஸ் குறைவாகவும், சத்தமாகக் கேட்டால் நிறைவாகவும் படும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். விண்டோஸில் 50, மேக்கில் பாதிக் கோடு என்று வைத்தால் டெசிபலில் இரண்டும் ஒன்றல்ல. மூன்றிலும் கணினி ஒலியளவை நூற்றுக்கு வைத்து, இன்டர்ஃபேஸில் உள்ள குமிழை மட்டும் திருகுங்கள். எங்காவது 4 டெசிபல் ஏற்றியிருந்தால், ஈக்வலைசரின் மொத்த அளவான ப்ரீஆம்பை 4 டெசிபலோ கொஞ்சம் அதிகமாகவோ இறக்கிவிடுங்கள். இறக்காவிட்டால் உச்சத்தில் ஒலி முட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதைத் தன் லிமிட்டரால் அமுக்கும், மற்ற இடத்தில் அப்படியே வெட்டுப்படும். ஈக்யூ ஒன்றாகவே இருந்தாலும் மிருதங்கத்தின் அடி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்கும்.

சரி, இனி என்ன செய்வது?

செலவில்லாமல் செய்ய, ஏபிஓவின் கான்ஃபிக் கோப்பையே மூலப்பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். ப்ரீஆம்ப் ஒரு வரி, அதன் கீழ் ஃபில்டருக்கு ஒரு வரி. லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸின் ஈக்வலைசர் அந்தக் கோப்பை நேரடியாக இறக்குமதி செய்யும்; எண்களைக் கையால் அடிக்க வேண்டியதே இல்லை, மோடும் சரியாக அமையும். அதற்குப் பைப்வயர் வேண்டும். மின்ட் 22 அதோடுதான் வருகிறது. உங்களுடையது பழையது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். மேக்கில் மட்டும் க்யூவை ஆக்டேவாக மாற்றும் வேலை மிஞ்சும்.

மூன்றும் நூல் பிடித்த மாதிரி ஒத்துப்போக வேண்டுமானால், மூன்றிலும் ஒரே எஞ்சினை ஓட்டுவதுதான் வழி. கமில்லா டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபில்டர்களை எழுதி வைக்கும் பகுதி மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒன்றே. சாதனத்தின் பெயர் மட்டும் மாறும். ஒலியை அதற்குள் திருப்ப மேக்கில் பிளாக்ஹோல், விண்டோஸில் விபி-கேபிள், லினக்ஸில் ஆல்சா லூப்பேக் தேவைப்படும். தொடங்க ஒரு மாலை பிடிக்கும். அதன் பிறகு கணக்கில் சந்தேகமே வராது. நான் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இன்னொரு வழி, ஈக்யூவை ஒரு சிறு வேவ் கோப்பாக மாற்றிவிடுவது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் ஃபில்டர்களைக் கணக்கிட்டு இம்பல்ஸ் கோப்பாகக் கொடுக்கும். அதை ஏபிஓ, ஈஸி எஃபெக்ட்ஸ், கமில்லா மூன்றுமே ஏற்கும். க்யூவும் இல்லை, மோடும் இல்லை, வளைவே கோப்பாகிவிட்டது. சாம்பிள் ரேட் மட்டும் பொருந்த வேண்டும். பணம் செலவழிக்கத் தயார் என்றால், பாராமெட்ரிக் ஈக்யூவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் க்யூடெலிக்ஸ் 5கே போன்ற ஒரு டாக் வாங்குங்கள். ஈக்யூ அதன் உள்ளே இருப்பதால் எந்தக் கணினியில் செருகினாலும் அதுவேதான்.

எதைச் செய்தாலும் காதை மட்டும் நம்பி முடித்துவிடாதீர்கள். ஒருமுறை அளந்து பாருங்கள். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளைப் போடுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் மூன்று கணினியிலும் ஓடும். ஈக்யூவை நிறுத்திவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை ஏறும் சோதனை ஒலி) எடுங்கள். முதலாவது நேர்கோடாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு டால்பி ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் 3150ல் பள்ளம் தெரிய வேண்டும். மூன்று கணினியின் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், 100 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 வரை அரை டெசிபலுக்குள் ஒத்துப்போனால் போதும். விண்டோஸில் அளக்கும்போது ஏசியோவைத் தேர்ந்தெடுத்தால் ஏபிஓ குறுக்கே வராது, ஈக்யூ போட்டும் நேர்கோடுதான் வரும். அதைப் பார்த்துப் பதறாமல் ஜாவா டிரைவருக்கு மாற்றுங்கள். 50, 100 ஹெர்ட்ஸில் கூரான மேடு தெரிந்தால் அது கரண்ட் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.

கடைசியாக ஒன்று. 3150 ஹெர்ட்ஸ் என்று நான் சொன்னது அன்றைய என் பதிவுக்கு. உங்கள் ஊர் முகவீணையின் சீவாளி வேறு, மைக் நின்ற இடம் வேறு. எடிட்டரில் ஒரு பீக் ஃபில்டரை க்யூ 8 (ரீஈக்யூ என்றால் 0.18 ஆக்டேவ்), 8 டெசிபல் ஏற்றம் என்று வைத்து, ஒலியளவை நன்றாகக் குறைத்துக்கொண்டு, 2000லிருந்து 5000 வரை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் பல் கூசும். அங்கேயே நிறுத்தி, க்யூவை 4க்கு (0.36 ஆக்டேவ்) இறக்கி, ஏற்றத்தை 3 டெசிபல் இறக்கமாக மாற்றுங்கள். போதாவிட்டால் 5 வரை போகலாம். அதற்கு மேல் இறக்கினால் முகவீணை முகவீணையாக இருக்காது.